பழைய பிக்கப் வண்டியின் பிறேக்: கமக்காரர் அறிய வேண்டியவை

விளைந்த பொருளைச் சந்தைக்குச் சேர்ப்பது பயிர்ச்செய்கையின் கடைசி வேலை. முன்னாளில் மாட்டு வண்டி செய்த இவ்வேலையை இன்று பெரும்பாலும் பிக்கப் வண்டியும் சிறு லொறியும் செய்து வருகின்றன. கமக்காரர் கையிலுள்ள பிக்கப் வண்டி புதியதாயிருப்பது அரிது. இருபது முப்பது ஆண்டுகள் ஓடி, இரண்டு மூன்று கைகள் மாறி வந்ததாகவே அது பெரும்பாலும் இருக்கும். அத்தகைய வண்டியின் இயந்திரம் பழுதுற்றால் வண்டி நின்றுவிடும், ஒரு நாளைச் சந்தை தவறும், அவ்வளவே. பிறேக் பழுதுற்றால் நேரும் கேடு அவ்வகையினதன்று.

நீரிறைக்கும் இயந்திரத்தைத் தாமே கழற்றிப் பூட்டும் கமக்காரர் பலர் உளர். இரு சில்லு உழவு இயந்திரத்தின் வார் தளர்ந்தால் ஓசையைக் கொண்டே அதனை அறிவர். ஆயினும் பிக்கப் வண்டியின் பிறேக் மிதி நாளுக்கு நாள் கீழே இறங்குவதை மட்டும் அவர்கள் பழுதெனக் கொள்வதில்லை. ஒருமுறை மிதித்து நில்லாவிடின் இருமுறை மிதிக்கப் பழகிக்கொள்கின்றனர். வண்டி இடப்பக்கம் இழுத்தால் சுக்கானை வலப்பக்கம் பிடிக்கப் பழகிக்கொள்கின்றனர். பழுது சிறிது சிறிதாக வளர, சாரதியின் காலும் கையும் அதற்கேற்ப மாறிவிடுகின்றமையால், வண்டி முழுதும் கைவிடும் நாள் வரை அது பழுதாகத் தோன்றுவதில்லை.

ரம்பொடை இறக்கம்

நுவரெலியாப் பகுதிக் கமக்காரர் ஒருவருக்கு நேர்ந்ததை உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம். அவருடைய வண்டி ஒரு தொன் பாரம் ஏற்றுவதற்கென அமைந்த பழைய டீசல் பிக்கப். அன்று விடியுமுன் அதில் கரட்டும் லீக்சும் முப்பது மூடைகள், மூடை 50 கிலோகிராமளவில், ஏற்றப்பட்டிருந்தன. அஃதாவது ஒன்றரைத் தொன். மூடைகளின் மேல் கூலியாள் ஒருவரும், முன்னாசனத்தில் வயதான உதவியாள் ஒருவரும் இருந்தனர். தம்புள்ளைச் சந்தைக்குப் போகும் வழியில், டீசலை மிச்சம் பிடிக்கும் எண்ணத்துடன், இறக்கம் கண்ட இடமெல்லாம் கியரை நியூற்றலில் விட்டுப் பிறேக்கை மெதுவாக மிதித்தபடி அவர் இறங்கி வந்தார்.

ரம்பொடை கழிந்த சிறிது தூரத்தில் கருகிய மணம் எழுந்தது. மிதி பஞ்சு போல் இளகியது. அடுத்த வளைவுக்கு முன் மிதித்தபோது அது தளத்தைச் சென்று தொட்டது. வண்டி வேகம் குறையவில்லை. உதவியாள், “தம்பி, மேட்டுப் பக்கம் போடு, மேட்டுப் பக்கம்!” என்று கத்தினார். கமக்காரர் கியரை மூன்றாவதிலும், பெரும்பாடுபட்டு இரண்டாவதிலும் விழுத்தினார். கைப்பிறேக்கை இழுத்தார், அது வேகத்தைச் சிறிதே குறைத்தது. பின்னர் வண்டியை மலைப்பக்கத்து மண் மேட்டில் உரசவிட்டு, இடச் சில்லுகளைக் கானுக்குள் இறக்கி நிறுத்தினார். மேலிருந்த கூலியாள் தூக்கி எறியப்பட்டு மணிக்கட்டு முறிந்தார். றோட்டின் மறுபக்கம் பள்ளம்.

இந்நிகழ்ச்சியில் பலருக்கும் வியப்பளித்தது பின்னர் நிகழ்ந்ததே. அரை மணி நேரம் சென்றபின் மிதியை அழுத்திப் பார்த்தபோது அது முன்போல் உறுதியாக மேலே நின்றது. எண்ணெய் ஒரு துளியும் சிந்தியிருக்கவில்லை. குழாய் ஒன்றும் வெடித்திருக்கவில்லை. இழுத்துச் சென்று காட்டப்பட்ட கராஜில் முதலில், “பிறேக் நல்லாத்தானே இருக்கு, ஐயா” என்றே கூறினர். உண்மையில் அவ்வண்டியில் ஐந்து பழுதுகள் ஒன்றாகச் சேர்ந்திருந்தன. அவற்றை விளங்கிக்கொள்வதற்குப் பிறேக் வேலை செய்யும் விதத்தைச் சிறிது அறிதல் வேண்டும்.

மிதியும் எண்ணெயும்

மிதியை அழுத்தும்போது, மாஸ்ரர் சிலிண்டர் எனப்படும் தலைமை உருளையினுள் ஓர் ஆடுதண்டு முன்னோக்கித் தள்ளப்படுகிறது. அது அங்குள்ள எண்ணெயை மெல்லிய உருக்குக் குழாய்கள் வழியாக நான்கு சில்லுகளுக்கும் அமுக்குகிறது. அடைபட்ட திரவத்தில் ஓரிடத்துக் கொடுக்கும் அமுக்கம் எல்லாப் பக்கமும் ஒரே அளவாகப் பரவும் என்பது பதினேழாம் நூற்றாண்டில் பஸ்கால் என்னும் பிரெஞ்சு அறிஞர் காட்டிய உண்மை. சில்லில் உள்ள உருளைகள் அவ்வமுக்கத்தைப் பெற்று, பின்புறத்தில் லைனர் ஒட்டிய பிறேக் சூக்களை டிரத்தின் உட்புறத்தில் அழுத்துகின்றன. முன்புறத்தில் பெரும்பாலான வண்டிகளில் வட்டத் தட்டை இருபக்கமும் நின்று பாட்கள் கௌவுகின்றன. மிகப் பழைய வண்டிகளில் முன்புறமும் டிரமே.

திரவம் அமுக்கத்தால் சுருங்காது. ஆகவே காலின் விசை குறையாமல் சில்லுக்குப் போய்ச் சேருகிறது. ஆனால் காற்றும் ஆவியும் சுருங்கும். குழாயில் ஒரு சிறு குமிழி புகுந்தாலும் மிதியின் அசைவு முழுவதும் அக்குமிழியைச் சுருக்குவதிலேயே செலவாகிவிடும், சூக்கள் அசையா. இந்த ஒரு விடயத்தை மனத்தில் இருத்தினால் பிறேக் கோளாறுகளிற் பாதி விளங்கிவிடும்.

அடுத்தது வெப்பம். பிறேக் வண்டியின் ஓட்டத்தை வெப்பமாக மாற்றுகிறது. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,860 மீற்றருக்கு மேற்பட்ட உயரத்தில் உள்ளது. கம்பளை அதற்கு ஏறக்குறைய 1,400 மீற்றர் கீழே உள்ளது. வண்டியும் பாரமும் சேர்ந்து 2,500 கிலோகிராம் என்று கொண்டால், அவ்வளவு உயரம் இறங்குகையில் வெளிப்படும் சக்தி ஏறக்குறைய 100 லீற்றர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதியதாகும். தக்க கியரில் இறங்கும்போது அதிற் பெரும் பங்கை இயந்திரம் ஏற்றுக்கொள்கிறது. ஒரு பங்கைக் காற்றின் தடையும் ரயரின் உராய்வும் ஏற்கின்றன. நியூற்றலில் இறங்கும்போது இயந்திரத்தின் பங்கும் பிறேக்கின் தலையிலேயே விழுகிறது. நான்கு சிறு லைனர்களும் பாட்களும் பெரிய அண்டா நீரைக் கொதிக்கவைக்கும் வெப்பத்தைத் தாங்க வேண்டியவையாகின்றன.

எண்ணெய் கொதித்தல்

பிறேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. நெல்லுமி ஈரத்தை இழுப்பது போல, மூடியின் துவாரம் வழியாகவும் இறப்பர்க் குழாய்கள் ஊடாகவும் அது நீரைச் சேர்த்துக்கொண்டேயிருக்கும். போத்தலில் டொட் 3 எனக் குறிக்கப்பட்ட புதிய எண்ணெய் 205 பாகை செல்சியசுக்குக் குறைந்து கொதிக்கலாகாது என்பது விதி. அதில் நூற்றுக்கு மூன்றே முக்கால் பங்களவு நீர் சேர்ந்தபின் அவ்வெல்லை 140 பாகை மாத்திரமே. டொட் 4 எண்ணெய்க்கு இவை முறையே 230, 155 பாகைகள். மேற்கூறிய வண்டியின் எண்ணெய் பல ஆண்டுகளாக மாற்றப்படாமல் தேயிலைச் சாயம் போற் கறுத்திருந்தது. குறைந்தபோது மேலே ஊற்றி வந்தனரேயன்றி, பழையதை வெளியேற்றவில்லை. இறக்கத்தில் முன் பிறேக்குகள் காய்ந்தவுடன் அவ்வெண்ணெய் உருளையினுள்ளேயே கொதித்து ஆவியாயிற்று. மிதி அவ்வாவியை அழுத்தித் தளம் வரை சென்றது. வண்டி நின்று குளிர்ந்தபின் ஆவி மீண்டும் திரவமாகவே, மிதி மேலே வந்தது. கராஜில் எதுவும் காணப்படாமைக்குக் காரணம் இதுவே. ஆறிய பின் பிறேக் நன்றாக உள்ளது என்று கருதி அவ்வாறே மேலும் ஓட்டிச் செல்பவர் அடுத்த இறக்கத்தில் அதே இடத்துக்கே வந்து சேர்வார்.

ஆதலின் எண்ணெயை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையேனும் முழுவதும் மாற்றுதல் வேண்டும். மலைநாட்டில் பாரம் இறக்குவோர் ஆண்டுக்கு ஒருமுறை மாற்றினும் மிகையன்று. திறந்து வைத்த போத்தலில் எஞ்சியதை அடுத்த போகத்துக்கென்று அலுமாரியில் வைத்தல் கூடாது. அது போத்தலிலேயே ஈரத்தை உறிஞ்சிவிடும். டொட் 5 எனக் குறிக்கப்பட்டது சிலிக்கோன் எண்ணெய். ஏனையவற்றோடு அதனைக் கலக்கலாகாது.

எண்ணெய் கிடையாத நேரத்தில் இயந்திர எண்ணெய், டீசல், தேங்காயெண்ணெய் முதலியவற்றை ஊற்றும் வழக்கம் சில இடங்களில் உண்டு. இவை உள்ளிருக்கும் இறப்பர்க் கிண்ணங்களை ஊதச் செய்து கெடுத்துவிடும். ஒருமுறை ஊற்றினால், மாஸ்ரர் சிலிண்டர் தொடக்கம் கடைசிச் சில்லு வரையுள்ள இறப்பர் யாவற்றையும் மாற்ற வேண்டி நேரிடும். பச்சை நீரை ஊற்றி வீடு வந்து சேர்ந்ததாகப் பெருமை பேசுவோரும் உளர். அந்நீர் 100 பாகையில் கொதிக்கும். உருளைகளையும் உள்ளிருந்து துருப்பிடிக்கச் செய்யும்.

வேலை செய்யாத பின் பிறேக்

மேற்படி வண்டியின் டிரங்களைக் கழற்றியபோது, பின் லைனர்கள் ஏறக்குறையப் புதியனவாகவே இருந்தன. தேயாத லைனரைக் கண்டு மகிழ்தல் ஆகாது. முன் பாட்கள் உலோகம் வரை தேய்ந்திருக்கப் பின் லைனர்கள் தேயாதிருந்தமை, பின் பிறேக்குகள் பாரத்தில் பங்கெடுக்கவில்லை என்பதற்குச் சான்று.

இதற்குக் காரணங்கள் இரண்டு. முதலாவது, சூக்களை டிரத்துக்கு அண்மையில் வைத்திருக்கும் பல்லுத் திருகு துருவேறி இறுகியிருந்தது. லைனர் தேயத் தேய இத்திருகு நீண்டு இடைவெளியை நிரப்ப வேண்டும். அது அசையாவிடின் சூ நெடுந்தூரம் நகர்ந்தே டிரத்தைத் தொடும். மிதியும் அவ்வளவுக்குக் கீழே போகும். கைப்பிறேக் பற்றாமற் போனதும் இதனாலேயே. கைப்பிறேக் இளகினால் பலரும் கம்பியை மட்டும் இழுத்து இறுக்கிவிடுவர். அது தவறான முறை. முதலில் சூக்களைச் சரிசெய்து, அதன் பின்னரே கம்பியைப் பார்த்தல் வேண்டும். கம்பியை மட்டும் இறுக்கினால் தானாக நீளும் பல்லுத் திருகு வேலை செய்ய இடமில்லாமற் போகும்.

இரண்டாவது காரணத்தைக் கமக்காரர் அனைவரும் அறிந்திருத்தல் நன்று. ஏனெனில் அதனை உண்டாக்குபவர் பெரும்பாலும் வண்டிச் சொந்தக்காரரே. பல பிக்கப் வண்டிகளில் பின் அச்சுக்கு மேல், சட்டத்திற் பூட்டப்பட்ட சிறு வால்வு ஒன்று உண்டு. அதிலிருந்து ஒரு கம்பியோ வில்லோ அச்சுவரை நீண்டிருக்கும். பாரம் ஏறி வண்டியின் பின்புறம் தாழும்போது அக்கம்பி நகர்ந்து, பின் பிறேக்குகளுக்குக் கூடிய அமுக்கத்தை விடுகிறது. வண்டி வெறுமையாயிருக்கும்போது அமுக்கத்தைக் குறைக்கிறது. இல்லையேல் வெறும் வண்டியின் பின் சில்லுகள் இறுகி, ஈர றோட்டில் வண்டி சுழன்றுவிடும். கூடிய பாரம் ஏற்றும் ஆசையினால் பின் வில்லில் இரண்டு மூன்று தட்டுகளை மேலதிகமாகச் சேர்த்தால், எவ்வளவு மூடை ஏற்றினும் பின்புறம் முன்போல் தாழாது. வண்டி வெறுமையாக உள்ளது என்றே அவ்வால்வு கொள்ளும். பாரம் மிகக் கூடிய நேரத்தில் பின் பிறேக்குகளுக்குரிய அமுக்கத்தைக் குறைத்துக்கொண்டிருக்கும். நிறுத்தும் வேலை முழுவதும் முன் பிறேக்குகள் மேல் விழும். அவை காயும், எண்ணெய் கொதிக்கும். ரம்பொடையில் நடந்தது இதுவே. சேறு பிடித்து இறுகிய கம்பியும், யாரோ கழற்றி எறிந்துவிட்ட கம்பியும் இதே கேட்டைச் செய்யும். வண்டியின் கீழ் ஒருமுறை குனிந்து அக்கம்பி இருக்கிறதா, அசைகிறதா எனப் பார்த்தல் வேண்டும். வில்லில் மாற்றம் செய்திருப்பின் அறிந்த தொழிலாளியைக் கொண்டு வால்வைச் சரிசெய்வித்தல் வேண்டும். மேலதிகத் தட்டுகளைக் கழற்றிவிடுதல் அதனினும் நன்று.

மிதி கூறும் செய்தி

பாரம் ஏற்றுமுன் வாரத்துக்கொருமுறை, ஐந்து நிமிடம், வண்டியை நிறுத்தி வைத்தபடியே மிதியைச் சோதிக்கலாம். இதற்குக் கருவி எதுவும் வேண்டுவதில்லை.

இயந்திரத்தை நிறுத்தி மிதியை நாலைந்து முறை மிதிக்கவும். பின்னர் காலை எடுக்காமல் உறுதியாக அழுத்திப் பிடித்தபடி இயந்திரத்தை இயக்கவும். மிதி சிறிதளவு கீழே இறங்கினால் பூஸ்ரர் வேலை செய்கிறது எனக் கொள்ளலாம். சிறிதும் அசையாவிடின் பூஸ்ரரின் தோலோ, அதற்குச் செல்லும் இறப்பர்க் குழாயோ, டீசல் வண்டியாயின் வெற்றிடத்தை உண்டாக்கும் பம்போ பழுதாயிருக்கும். இறக்கத்தில் இயந்திரத்தை நிறுத்திவிட்டு வண்டியை உருளவிடுபவர் அறிய வேண்டியதும் இதுவே: இயந்திரம் நின்றபின் பூஸ்ரரில் எஞ்சியிருக்கும் வெற்றிடம் இரண்டு மூன்று மிதிகளுக்கு மாத்திரம் போதும். அதன் பின் மிதி கல்லாய்விடும்.

இயந்திரம் ஓடிக்கொண்டிருக்க மிதியை ஒரே அளவு விசையுடன் ஒரு நிமிடம் அழுத்திப் பிடிக்கவும். அது மெல்ல மெல்லத் தளத்தை நோக்கி இறங்கினால், வெளியே எண்ணெய் கசியாவிடினும், மாஸ்ரர் சிலிண்டரின் உட்கிண்ணம் தேய்ந்து எண்ணெய் பின்னோக்கி ஒழுகுகிறது என்பது பொருள். இது காலம் தாழ்த்தக்கூடாத பழுது. மிதி பஞ்சு போலிருப்பின் காற்றுப் புகுந்துள்ளது. முதல் மிதியில் தாழ்ந்து, இரண்டாவது மூன்றாவது மிதியில் உயர்ந்தால் சூக்களின் இடைவெளி மிகுந்துள்ளது. ஓடும்போது மிதி காலுக்குக் கீழ் துடித்தால் டிரமோ தட்டோ வட்டம் கெட்டுள்ளது.

பிறேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுத்தால், இழுக்கும் பக்கத்துச் சில்லைப் பலர் குறை கூறுவர். பெரும்பாலும் பழுது மறுபக்கத்தில் இருக்கும். அச்சில்லு பற்றாமையினாலேயே வண்டி பற்றும் பக்கம் திரும்புகிறது. பற்றாமைக்கு லைனரில் எண்ணெய் பட்டிருத்தல் பொதுவான காரணம். சில்லின் உட்பக்க ரயர் நனைந்திருந்தால் தொட்டு முகர்ந்து பார்க்கவும். நீர்போல் மெலிந்து, பெயின்ரைக் கரைப்பது பிறேக் எண்ணெய். வீல் சிலிண்டரின் கிண்ணம் போயிற்று. தடித்துக் கறுத்து, கடுமையாக மணப்பது அச்சு எண்ணெய். அச்சின் சீல் போயிற்று. எண்ணெய் ஊறிய லைனரை மண்ணெண்ணெயில் கழுவி அடுப்பில் காய்ச்சிப் பூட்டுவது வீண்முயற்சி. காய்ந்தவுடன் எண்ணெய் மீண்டும் மேலே வரும். இரு பக்கத்து லைனர்களையும் ஒன்றாக மாற்றுதல் வேண்டும்.

ஓரிரண்டு கிலோமீற்றர் ஓடியபின் இறங்கி நான்கு சில்லுகளுக்கும் அருகே கையைக் கொண்டு செல்லவும், உலோகத்தைத் தொடலாகாது. ஒரு சில்லு மட்டும் மிகக் காய்ந்திருப்பின் அப்பிறேக் விடுபடாமல் உரசுகிறது. அதன் உருளை துருவேறி இறுகியிருக்கலாம். வெளியே நன்றாகத் தோன்றும் இறப்பர்க் குழாய் உள்ளே வீங்கி அடைத்திருக்கவும் கூடும். காலின் விசையில் எண்ணெய் உள்ளே போகும், திரும்பி வராது. பத்து ஆண்டுகளுக்கு மேற்பட்ட குழாயைப் பார்த்துப் பயனில்லை, மாற்றுவதே முறை. கழித்த வண்டியிலிருந்து எடுத்த குழாயை வாங்கிப் பூட்டுதல் பணத்தை மிச்சம் பிடிக்கும் வழியன்று.

தாழ்நிலத்தில் நேர்வன

வன்னியிலும் மட்டக்களப்பிலும் யாழ்ப்பாணத்திலும் மலை இறக்கம் இல்லை. எனினும் அங்குள்ள வண்டிகளை வேறு வகைக் கேடுகள் பிடிக்கின்றன. கடற்கரைக்கு அண்மையில் உப்புக் காற்றினால் உருக்குக் குழாய்கள் துருவேறும். குழாய் சட்டத்தோடு பிடியால் இறுக்கப்பட்ட இடத்தில் சேறும் உப்பும் தங்கி, கண்ணுக்குப் படாத பின்பக்கத்தில் முதலில் அரிக்கும். குழாயைத் துணியால் துடைத்து, விரலால் தடவிப் பார்த்துச் சொரசொரப்பான இடத்தை ஐயுறல் வேண்டும். பழைய வண்டிகள் சிலவற்றில் நான்கு சில்லுகளுக்கும் ஒரே எண்ணெய்த் தொடரே உண்டு. ஓரிடத்தில் குழாய் வெடித்தால் நான்கும் ஒரேயடியாகப் போகும். பிந்திய வண்டிகளில் முன்பின் இரண்டும் தனித்தனித் தொடர்களாதலின் ஒன்று போனாலும் மற்றது எஞ்சும்.

மாரியில் வாய்க்காலையும் தாம்போதியையும் கடந்தபின் டிரங்களில் நீர் தங்கும். நனைந்த லைனர் பற்றாது. அக்கரை ஏறியவுடன், பின்னே வண்டி வரவில்லையெனக் கண்டு, தாழ்ந்த கியரில் ஓட்டியபடி மிதியை இலேசாக அழுத்திக்கொண்டு சிறிது தூரம் செல்லல் வேண்டும். பற்று மீண்டதை உணர்ந்த பின்னரே வேகம் எடுக்கலாம். வயல் வரம்பில் ஏறியிறங்கும் வண்டிகளின் டிரத்தினுள் சேறும் வைக்கோற் தூளும் புகுந்து லைனரை அரம்போல் அராவும். அறுவடை முடிந்தவுடன் ஒருமுறை டிரங்களைக் கழற்றிச் சுத்தம் செய்வது நன்று. பழைய லைனர்களில் கல்நார் கலந்திருக்கக் கூடும். அதன் தூள் சுவாசப்பைக்குப் பெருங்கேடு விளைவிக்கும். ஆகவே வாயாலும் காற்றுப் பம்பாலும் ஊதுதல் கூடாது. ஈரத்துணியால் துடைத்து அத்துணியைப் பொதிந்து எறிதல் வேண்டும். லைனரின் கனம் குறைந்து றிவெட் தலைகள் டிரத்தைத் தொடும்வரை விடலாகாது. டிரமும் தேயும். அதன் மிகக்கூடிய விட்டம் பெரும்பாலும் டிரத்திலேயே வார்க்கப்பட்டிருக்கும். அவ்வளவுக்கு மேல் கடைந்த டிரத்தைப் பயன்படுத்தலாகாது.

காற்றெடுத்தலும் எண்ணெய் மாற்றுதலும்

இவ்வேலையைப் பொறுமையுள்ள இருவர் வீட்டு முற்றத்திலேயே செய்யலாம். உருளையைக் கழற்றுதலும் வால்வைத் திருத்துதலும் தொழிலாளிக்குரியன. சமதரையில் வண்டியை நிறுத்தி, சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கல் வைக்கவும். எண்ணெய்ப் பாத்திரத்தின் மூடியைத் திறக்குமுன் சுற்றிலும் உள்ள மண்ணைத் துடைத்தல் வேண்டும். ஒரு மணல் மாஸ்ரர் சிலிண்டரின் கிண்ணத்தைக் கீறப் போதுமானது. மாஸ்ரர் சிலிண்டருக்கு மிகத் தொலைவிலுள்ள சில்லில் தொடங்குவது பொது முறை. இலங்கையில் ஓடும் வலப்பக்கச் சுக்கான் வண்டிகளில் அது பின் இடச் சில்லு; அதன்பின் பின் வலம், முன் இடம், முன் வலம். முன் கூறிய பாரவால்விலும் சிலவற்றில் காற்றெடுக்கும் நிப்பிள் உண்டு. வண்டியின் கைந்நூல் வேறு ஒழுங்கைக் கூறின் அதையே பின்பற்றவும்.

நிப்பிளில் தெளிந்த குழாய் ஒன்றை மாட்டி, அதன் மறுமுனையைச் சிறிது புதிய எண்ணெய் உள்ள போத்தலில் அமிழ்த்தவும். ஒருவர் மிதியை மூன்று முறை மெதுவாக மிதித்து அழுத்திப் பிடித்து, “பிடிச்சிட்டன்” என்று உரத்துச் சொல்ல வேண்டும். மற்றவர் நிப்பிளை அரைச் சுற்றுத் தளர்த்தி, எண்ணெயும் குமிழியும் வெளியேறியதும் இறுக்கி, “விடு” என்று சொன்ன பின்னரே முன்னவர் காலை எடுக்க வேண்டும். இந்த ஒழுங்கு தவறினால் வெளியேறிய காற்று அப்படியே உள்ளே திரும்பும். குமிழி நின்று, புதிய எண்ணெயின் தெளிந்த நிறம் வரும்வரை இதனைத் தொடரவும். பழைய வண்டியில் மிதியைத் தளம்வரை விழுத்தி மிதித்தல் நன்றன்று. உருளையின் அடிப்பகுதியிலுள்ள துரு கிண்ணத்தைக் கிழித்துவிடும். மிதிக்குக் கீழ் ஒரு பலகைத் துண்டை வைத்தால் அது நிகழாது. பாத்திரத்தில் எண்ணெய் வற்றிவிடாதபடி இடையிடையே ஊற்றிவர வேண்டும். இதற்கென ஒரு சிறுவனை நிறுத்திவிட்டு அவன் விளையாடப் போனதனால் முழு வேலையையும் மீண்டும் தொடங்கியோர் பலர். பெயின்ரில் சிந்திய எண்ணெயை உடனே நீர்விட்டுக் கழுவவும். எடுத்த எண்ணெயைப் பயிர் நிலத்திலோ கிணற்றடியிலோ ஊற்றலாகாது.

இறக்கத்தில் ஓட்டும் முறை

ஒரு மேட்டை ஏறுவதற்கு எந்தக் கியர் தேவையோ அந்தக் கியரிலேயே அதனை இறங்கல் வேண்டும். அக்கியரை இறக்கம் தொடங்குமுன் போடுதல் வேண்டும். வேகம் மிகுந்தபின் பழைய கியர்ப் பெட்டி இரண்டாவதை ஏற்காது. நியூற்றலில் விட்டால் டீசல் மிஞ்சும் என்ற எண்ணமும் சரியன்று. கியரில் இருந்தபடி காலை எடுத்து இறங்கும்போது, சில்லுகளே இயந்திரத்தைச் சுழற்றுவதனால், டீசல் பம்பின் ஆளி எண்ணெயை நிறுத்திவிடுகிறது. நியூற்றலில் ஓடும் இயந்திரமே தன்னைச் சுழற்றிக்கொள்ள டீசலைக் குடிக்கிறது.

பிறேக்கை நீண்ட நேரம் இலேசாக மிதித்திருத்தலை விட, உறுதியாக மிதித்து வேகத்தைக் குறைத்து, காலை எடுத்து ஆறவிட்டு, மீண்டும் மிதித்தல் நன்று. கருகிய மணம் எழுந்தால் அகலமான இடங்கண்டு நிறுத்தி, சில்லுக்குக் கல் வைத்து அரை மணி நேரமேனும் ஆறவிடவும். காய்ந்த டிரத்தில் நீர் ஊற்றினால் அது வெடிக்கக்கூடும். புறப்படும்போது அக்கல்லை றோட்டில் விட்டுச் செல்லலாகாது. பின்னே மோட்டார் சைக்கிளில் வருபவனுக்கு அது எமனாகும்.

மிதி தளத்தைத் தொட்டுவிட்டால் அதனை விரைவாகப் பலமுறை குத்தி மிதிக்கவும். சிறிதளவு அமுக்கம் மீளக்கூடும். அதே வேளை கியரை ஒவ்வொன்றாகத் தாழ்த்தவும். கைப்பிறேக்கைப் பொத்தானை அழுத்தியபடி படிப்படியாக இழுக்கவும். ஒரேயடியாக இழுத்தால் பின் சில்லுகள் இறுகி வண்டி குறுக்கே திரும்பும். ஒலிப்பானை விடாது அடிக்கவும். திறப்பைத் திருப்பி இயந்திரத்தை நிறுத்தலாகாது, சுக்கான் பூட்டிக்கொள்ளும். இவற்றால் நில்லாவிடின் மலைப்பக்க மேட்டிலோ கானிலோ புதரிலோ பக்கவாட்டாக உரசவிடுவதே எஞ்சிய வழி. வேகம் இன்னும் மிகாத முதற் சில விநாடிகளிலேயே அதனைச் செய்தல் வேண்டும். அடுத்த வளைவு வரை பார்ப்போம் என்று தாமதித்தால் வேகம் கூடிவிடும். வேகம் இருமடங்கானால் நிறுத்துவதற்கு வேண்டிய தூரம் ஏறக்குறைய நான்கு மடங்காகும்.

மூடைகளின் மேல் ஆட்களை ஏற்றுதலைப் பற்றியும் கூறவேண்டும். கூலியாட்கள் சந்தையில் இறக்குவதற்குத் தேவை. பேருந்தில் அனுப்பினால் செலவு. ஆகவே பாரத்தின் மேல் ஏற்றுகின்றனர். வண்டி மேட்டில் உரசி நிற்கையில் முன்னே இருப்பவருக்குத் தகரமும் ஆசனமும் காப்பு. மேலே இருப்பவருக்கு எக்காப்பும் இல்லை. மணிக்கட்டு முறிந்த அக்கூலியாள் அவ்வாண்டு போகம் முழுவதும் மண்வெட்டி பிடிக்கவில்லை.

ஆண்டுதோறும் வருவாய் அனுமதிப்பத்திரத்துக்கெனச் செய்யப்படும் புகைப் பரிசோதனையில் வண்டி தேறியமையால் பிறேக்கும் நன்றாயிருக்கும் எனச் சிலர் கருதுகின்றனர். அப்பரிசோதனை புகையை மாத்திரமே அளக்கிறது.

பிறேக்கில் எவ்வேலை செய்தபின்னும் உடனே பாரம் ஏற்றலாகாது. முதலில் முற்றத்தில் மிதியை அழுத்திப் பிடிக்க, மற்றவர் ஒவ்வொரு நிப்பிளையும் மூட்டையும் உலர்ந்த துணியால் தொட்டுப் பார்த்து ஈரம் உண்டா என அறியவும். பின்னர் ஆளில்லாத சமதரை றோட்டில், வெறும் வண்டியாக, நடை வேகத்திலும், அதன்பின் 30 கிலோமீற்றர் வேகத்திலும் நிறுத்திப் பார்க்கவும். புதிய லைனர் டிரத்தோடு படிவதற்குச் சில நாள் செல்லும்; அதுவரை இலேசான பாரமே ஏற்றுதல் வேண்டும். நூறு கிலோமீற்றர் ஓடியபின் எண்ணெய் மட்டத்தையும் நிப்பிள்களையும் மீண்டும் ஒருமுறை பார்க்கவும்.